அருமண் தனிமங்களைக் குழாயில் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் வீட்டிலேயே வேதியியல் ட்யூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள். பள்ளியில் பர்மியமும் ஆங்கிலமும், ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் தமிழும் படித்து வளர்கிறவர்கள். பர்மிய வழக்கப்படி என்னைச் 'சயாமா' என்று கூப்பிடுவார்கள், அதாவது டீச்சர். மியான்மரின் வடக்கே கச்சின் மலைகளில் அருமண் தோண்டுவது பற்றிய செய்திகள் பெருகியதிலிருந்து பிள்ளைகளும் அவர்களுடைய அப்பா, மாமாக்களும் ஒரே மாதிரியான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாயால் சொன்ன பதில்களையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன்.

சயாமா, அருமண் என்றால் மண்ணா, உலோகமா?

உலோகம்தான். 18-ஆம் நூற்றாண்டில் உலோக ஆக்சைடுகளை 'மண்' என்று சொல்வது வழக்கம். ஸ்வீடனில் இட்டெர்பி என்ற ஊரில் கிடைத்த ஒரு கறுப்புக் கல்லை 1794-இல் யோகான் கடோலின் ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத ஒரு 'மண்' அதில் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டது. லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை 15 தனிமங்கள், அவற்றோடு இட்ரியமும் ஸ்காண்டியமும் சேர்ந்து மொத்தம் 17.

'அரு' என்ற எழுத்தைப் பார்த்து மிகவும் அரிதானவை என்று நினைத்துவிட வேண்டாம். பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. அவை ஒரே இடத்தில் செறிந்து கிடைப்பதுதான் அபூர்வம். கிடைத்தாலும் எல்லாம் ஒன்றாகக் கலந்தே கிடைக்கும், தனித்தனியாகக் கிடைக்காது. இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கலவையைக் குழாயில் ஊற்றிப் பிரிக்கிற 'வண்ணப்பிரிகை' முறையைப் பற்றித்தான்.

பத்தர் தங்கத்தையும் வெள்ளியையும் அமிலத்தில் போட்டுப் பிரிக்கிறாரே, அதுபோல இதைப் பிரிக்க முடியாதா?

நகைக்கடை வைத்திருக்கும் ஒரு மாணவனின் மாமா கேட்டது. மிக நல்ல கேள்வி. நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரையும், தங்கம் கரையாது. குணம் வேறாக இருப்பதால் ஒரே தடவையில் வேலை முடிகிறது.

அருமண் தனிமங்களில் அப்படிப்பட்ட வேறுபாடு கிடையாது. ஒன்று கரைகிற அமிலத்தில் எல்லாமே கரையும். ஒன்று வீழ்படிவானால் எல்லாமே வீழ்படிவாகும். காரணம், கரைசலில் இவை எல்லாம் மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளாகவே இருக்கின்றன. ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கூடுகிற எலக்ட்ரான் உள்கூட்டில் போய் ஒளிந்துகொள்கிறது. வெளியே இருந்து பார்க்கிற வேதிப்பொருளுக்கு அது தெரிவதே இல்லை.

ஒரே ஒரு வேறுபாடுதான் மிஞ்சுகிறது, அயனியின் பருமன். லாந்தனம் அயனியின் ஆரம் சுமார் 103 பிக்கோமீட்டர், லுட்டீசியத்துடையது 86. இடையில் 14 படிகள். அதாவது பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களுக்கு நடுவே ஒரு சதவீதத்தை ஒட்டிய வித்தியாசம். இந்த ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும்.

விதிவிலக்காக இரண்டு உண்டு. சீரியத்தை ஆக்சிஜனேற்றம் செய்து நான்கு மின்னூட்டத்துக்குக் கொண்டுபோகலாம். யூரோப்பியத்தைத் துத்தநாகத்தால் ஒடுக்கி இரண்டுக்கு இறக்கலாம். மின்னூட்டம் மாறினால் குணமும் மாறும், அப்போது பத்தர் செய்வது போல எளிதாக எடுத்துவிடலாம். அனுபவமுள்ளவர்கள் சீரியத்தை முதலிலேயே இப்படி வெளியேற்றிவிடுவார்கள். மிச்சத்துக்குத்தான் குழாய்.

குழாய் வருவதற்கு முன் எப்படிப் பிரித்தார்கள்?

படிகமாக்கி, கரைத்து, மறுபடி படிகமாக்கி. 1885-இல் ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் இந்த வழியில்தான் 'டிடிமியம்' என்று ஒரே தனிமமாக நம்பப்பட்டதை நியோடிமியம், பிரசியோடிமியம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் தூய தூலியம் உப்பைப் பெற சுமார் 15,000 தடவை படிகமாக்கினார். 1911-இல் அந்த முடிவை வெளியிட்டார். இந்த எண்ணை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருக்கிறது.

வண்ணப்பிரிகை என்கிறீர்களே, வண்ணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெட் கண்ணாடிக் குழாயில் சுண்ணத் தூளை அடைத்து, மேலே பச்சிலைச் சாற்றை ஊற்றினார். சாறு இறங்க இறங்கப் பச்சை, மஞ்சள் என்று தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தது. 1906-இல் அந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத்தான் தமிழில் வண்ணப்பிரிகை என்கிறோம். இன்று நிறமே இல்லாத பொருள்களையும் இந்த முறையில் பிரிக்கிறார்கள், பெயர் மட்டும் மாறவில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். நாலு கீரை இலையை நசுக்கிக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் ஊறவையுங்கள். கரும்பலகைச் சாக்குக்கட்டியின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் அந்தச் சாற்றால் கோடு போட்டு, காயவைத்து, அரை விரல் உயரத்துக்கு ஸ்பிரிட் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். ஸ்பிரிட் ஏற ஏற மஞ்சள் முன்னால் ஓடும், பச்சை பின்தங்கும். பக்கத்தில் அடுப்போ மெழுகுவத்தியோ இருக்கக் கூடாது. கரண்ட் போன நேரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதைச் செய்து பார்க்க ஒரு பையன் கிளம்பினான். அதனால்தான் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

அருமண் தனிமங்களுக்குக் குழாயில் எதை அடைப்பார்கள்?

அயனிப் பரிமாற்ற ரெசின். வீட்டுக் குடிநீர் வடிகட்டியில் கடின நீரை மென்மையாக்க வைத்திருக்கும் தேன்நிறச் சிறு மணிகள் இருக்கின்றனவே, அதே இனம்தான். பாலிஸ்டைரீன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, அதில் சல்ஃபோனிக் அமிலக் கூறுகளை ஒட்டியிருப்பார்கள். ஆய்வகங்களில் டவெக்ஸ் 50, ஆம்பர்லைட் ஐ.ஆர். 120 என்ற பெயர்களில் கிடைக்கும். அந்த எதிர்மின் இருக்கைகளில் நேர்மின் அயனிகள் வந்து உட்காரும். மூன்று மின்னூட்டம் கொண்ட அருமண் அயனி மூன்று இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றாக இறுகி உட்காரும்.

ஆனால் ரெசின் மட்டும் இவற்றைப் பிரித்துவிடாது. இங்கேதான் பல பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ரெசினுக்கு நியோடிமியமும் டிஸ்புரோசியமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் உப்புநீரை ஊற்றினால் எல்லாம் சேர்ந்தே வெளியே வரும். பிரிக்கிற வேலையைச் செய்வது குழாயில் ஊற்றுகிற கரைசலில் இருக்கும் பிடிப்பான்.

பிடிப்பான் என்றால் என்ன? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

அயனியைச் சுற்றி நாலா பக்கமும் கைபோட்டுப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு. முதலில் பயன்பட்டது சிட்ரிக் அமிலம், கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கிறார்களே அதுதான். பிறகு இ.டி.டி.ஏ. என்ற செயற்கைப் பிடிப்பான் வந்தது. இது சின்ன அயனியை இறுக்கமாகவும் பெரிய அயனியைத் தளர்வாகவும் பிடிக்கும். எவ்வளவு வித்தியாசம்? பிடிப்பின் வலுவை மடக்கையில் சொன்னால் லாந்தனத்துக்கு 15.5, லுட்டீசியத்துக்கு 19.8. அதாவது லுட்டீசியத்தை லாந்தனத்தைவிட 20,000 மடங்கு வலுவாகப் பிடிக்கிறது. அயனி ஆரத்தில் 17 சதவீதம்கூட இல்லாத வித்தியாசம் இங்கே வந்து 20,000 மடங்காக நிற்கிறது! இந்த இடம் எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

நம் ரங்கூன் சர்க்கிள் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்து பெஞ்சு ரெசின். ரயில் பிடிப்பான். அயனிதான் பயணி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பயணி இறங்கிக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்கிறார், பிறகு அடுத்த ரயிலில் ஏறுகிறார். லுட்டீசியத்துக்கு ரயிலில் உடனே இடம் கிடைக்கும், அதனால் பெஞ்சில் அதிக நேரம் இருக்காது. லாந்தனம் பல ரயில்களை விட்டுவிட்டுத்தான் ஏறும். ஒரு ஸ்டேஷனில் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. முழுச் சுற்றும் முடியும்போது ஒருவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார், மற்றவர் இன்னும் இன்செயினில் நிற்பார்.

கணக்காகவும் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள் இரண்டு சம அளவில் இருக்கின்றன, ஒரு படியில் ஒன்றின் பங்கு மற்றதைப்போல 1.5 மடங்கு ஆகிறது என்று வையுங்கள். ஒரு படி முடிந்தால் 60-க்கு 40. இரண்டு படியில் 69-க்கு 31. இதுவரை ஒன்றும் பிரமாதமில்லை. பத்துப் படியில் 98.3 சதவீதம். இருபது படியில் 99.97. சார்லஸ் ஜேம்ஸ் ஒவ்வொரு படியையும் கையால் செய்தார். குழாயில் ஒவ்வொரு ரெசின் மணியிலும் இந்த ஏறி இறங்குதல் தானாகவே நடக்கிறது, ஒரு முழ நீளக் குழாயிலேயே நூற்றுக்கணக்கான படிகள் கிடைக்கும். மேலே கொடுத்தது புரிவதற்கான எளிய கணக்குதான். உண்மையில் பட்டைகள் கொஞ்சம் பரவும், ஒன்றன் விளிம்பு மற்றதில் ஏறும். ஆனாலும் அடிப்படை இதுதான்.

இதை யார் முதலில் செய்தார்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் இருந்தவர்கள். யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகிற துண்டுகளில் அருமண் தனிமங்கள் நிறைய. அவற்றை இனம் காண வேண்டியிருந்தது. ஓக் ரிட்ஜில் ஒரு குழு, அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் ஊரில் ஃபிராங்க் ஸ்பெடிங் தலைமையில் இன்னொரு குழு. போர் முடிந்தபின் 1947-இல் கட்டுரைகள் வெளியாயின. தனிம அட்டவணையில் 61-ஆம் இடம் பல காலம் காலியாகவே கிடந்தது. 1945-இல் மரின்ஸ்கி, கிளெண்டெனின், கோரியல் மூவரும் இதே குழாய் முறையில் புரோமித்தியத்தைத் தனித்துக் காட்டி அந்த இடத்தை நிரப்பினார்கள்.

ஸ்பெடிங்கின் குழு அதோடு நிற்காமல் கிலோக் கணக்கில் தூய அருமண் எடுக்கிற அளவுக்கு முறையை வளர்த்தது. அதற்கு முன் ஒவ்வொரு தனிமத்தையும் தூய்மையாகக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

குழாயில் என்னதான் தெரியும்? பார்க்க அழகாக இருக்குமா?

இருக்கும். இதை ஆசையோடுதான் எழுதுகிறேன்.

இ.டி.டி.ஏ. முறையில் அருமண் கலவையை முதல் குழாயில் ஏற்றிவிட்டு, அடுத்தடுத்த குழாய்களை முன்கூட்டியே செம்பு அயனியால் நிரப்பி வைப்பார்கள். செம்பு இங்கே வாசல் காவல். இ.டி.டி.ஏ. தூக்கிக்கொண்டு வரும் அருமண் அயனி செம்பை எதிர்கொள்ளும்போது, செம்பு இ.டி.டி.ஏ.-யைப் பறித்துக்கொண்டு கிளம்பிவிடும். அருமண் ரெசினில் மறுபடி உட்கார்ந்தாக வேண்டும். இப்படி முன்வரிசை ஓடிவிடாமல் தடுக்கப்படுவதால் பட்டைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளியபடி, வரிசை கலையாமல் இறங்கும்.

முதலில் அடியில் சொட்டுவது ஆழ்ந்த நீலம், செம்பு. நீலம் வெளுத்ததும் பாட்டிலை மாற்ற வேண்டும். அடுத்து நிறமே இல்லாத லுட்டீசியம், இட்டெர்பியம். பிறகு எர்பியம் இளஞ்சிவப்பில் வரும். ஹோல்மியம் மஞ்சள். இட்ரியம் தன் எடைக்குப் பொருந்தாமல் டிஸ்புரோசியத்துக்கும் டெர்பியத்துக்கும் நடுவில் வந்து நிற்கும், ஏனென்றால் இங்கே வரிசையைத் தீர்மானிப்பது அணு எடை அல்ல, பிடிப்பு. கடைசியில் நியோடிமியம் ஊதா, பிரசியோடிமியம் இளம்பச்சை, லாந்தனம் மறுபடி நிறமின்றி.

நியோடிமியக் கரைசல் கொஞ்சம் கையில் கிடைத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறையும் டியூப்லைட்டில் ஒருமுறையும் பாருங்கள். நிறம் மாறித் தெரியும். நியோடிமியம் ஒளியை மிகக் குறுகிய கோடுகளாக விழுங்குவதால் வருவது இது.

நிறமில்லாதவை பிரிந்தன என்று எப்படித் தெரியும்?

சொட்டுகிற கரைசலைச் சிறு சிறு குழாய்களில் எண் போட்டுப் பிடிப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளிக்கு ஆர்செனசோ சாயம் சேர்த்தால் அருமண் இருக்கிற இடத்தில் இளஞ்சிவப்பு மாறி நீலப்பச்சை ஆகும். எந்த அருமண் என்று அது சொல்லாது. அதற்கு நிறமாலைமானி அல்லது பிளாஸ்மா நிறைமானி வேண்டும். தூய பகுதியை ஆக்சாலிக் அமிலத்தால் வீழ்படிவாக்கி, வடிகட்டி, சுட்டால் ஆக்சைடு தூள் கிடைக்கும்.

குழாய் ஓட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

ஆய்வகத்தில் இதைக் 'காலம் ஓட்டுவது' என்பார்கள், குழாய்க்கு ஆங்கிலத்தில் உள்ள 'column' என்ற பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு. நடக்கிற தப்புகளில் முக்கால்வாசி அடைக்கும்போதே நடந்துவிடும். ரெசினை உலர்ந்தபடி கொட்டக் கூடாது. நீரில் ஒரு நாள் ஊறவைத்து, உப்பவிட்டு, கஞ்சி மாதிரி கலக்கி ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். விட்டு விட்டு ஊற்றினால் அடுக்கு அடுக்காக உட்காரும். குமிழி ஒன்று மாட்டிக்கொண்டால் கரைசல் அதைச் சுற்றிக்கொண்டு ஓடும், பட்டை கோணலாகும். கோணலான பட்டையின் முன்முனை வெளியே வரும்போது பின்முனை இன்னும் உள்ளே இருக்கும். அப்புறம் எவ்வளவு நல்ல பிடிப்பானைப் போட்டாலும் பலனில்லை.

என் படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு குழாயை இரவு முழுவதும் சொட்டவிட்டுப் போனோம். திறப்பு சரியாக மூடவில்லை, மேலே நீர் தீர்ந்துவிட்டது. காலையில் வந்து பார்த்தால் ரெசின் வறண்டு, வெயிலில் காய்ந்த வயல் மாதிரி வெடித்திருந்தது. மூன்று நாள் வேலை போனது. அன்றிலிருந்து ரெசின் மட்டத்துக்கு மேல் இரண்டு விரல் உயரம் நீர் நிற்காமல் நான் எந்தக் குழாயையும் விட்டு நகர்ந்ததில்லை. வெளிப்போக்குக் குழாயை வளைத்து, அதன் வாயை ரெசின் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டால் நீர் அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. இந்தச் சின்ன உபாயத்தை அன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்தது அவசரம். திறப்பை அகலமாகத் திறந்தால் அயனிக்கு ரெசின் மணிக்குள் போய்த் திரும்ப நேரம் இருக்காது. நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழிறங்கினால் போதும், அதைவிடக் குறைந்தாலும் நல்லதே. மூன்றாவது, ஆசைப்பட்டு அதிகம் ஏற்றுவது. சாதாரணமாகக் கழுவி இறக்கும் முறையில் ரெசினின் கொள்ளளவில் சில சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். செம்புக் காவல் வைக்கும் இடப்பெயர்ப்பு முறையில் இன்னும் நிறைய ஏற்றலாம்.

கரண்ட் முறை வைத்து வருகிற நம் ஊருக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு. குழாய் ஓட பம்பு வேண்டியதில்லை. மேலே ஒரு பாத்திரம், கீழே ஒரு பாட்டில், நடுவில் புவியீர்ப்பு.

வீட்டில் நானே செய்து பார்க்கலாமா?

அருமண் தனிமங்களை வைத்து வேண்டாம். நியோடிமியம் இருக்கிற காந்தத்தை அமிலத்தில் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எரியும் ஹைட்ரஜன் வாயு வரும், அமிலம் தெறிக்கும். ஆக்சாலிக் அமிலமும் நச்சு.

ஆனால் இதே தத்துவத்தைச் செம்பு உப்பான மயில்துத்தத்தை வைத்துப் பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க. ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்றின் அடியில் பஞ்சு வைத்து, ஊறிய வடிகட்டி ரெசினை நிரப்புங்கள். ஆஸ்பத்திரி டிரிப் குழாயைக் கீழே மாட்டினால் சொட்டை நிதானப்படுத்த அதன் சக்கரமே திறப்பாகிவிடும். வெளிர்நீல மயில்துத்தக் கரைசலை ஊற்றினால் நீலம் மேலேயே தங்கும், கீழே தெளிந்த நீர் சொட்டும். நல்ல நீரால் கழுவியபின், எலுமிச்சை உப்புக் கரைசலில் நுரை அடங்கும்வரை சமையல் சோடா சேர்த்து அதை ஊற்றுங்கள். சிட்ரேட் செம்பைப் பிடித்து இறக்கிக்கொண்டு வரும். நீலப் பட்டை மெல்ல நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஏம்ஸில் அருமண்ணுக்குச் செய்த முதல் வேலையின் சாரம் அதுதான். வடிந்த செம்பு நீரைச் செடிக்கோ மீன்தொட்டிக்கோ ஊற்றக் கூடாது, சமையல் பாத்திரத்தையும் இதற்கு எடுக்கக் கூடாது.

இவ்வளவு நல்ல முறை என்றால் தொழிற்சாலைகள் ஏன் குழாயை விட்டுவிட்டன?

கரைசல் மிக நீர்த்தது. ஸ்பெடிங் முறையில் இ.டி.டி.ஏ.-யின் செறிவு 0.015 மோலார் அளவில் இருக்கும். ஒரு டன் நியோடிமியத்தைச் சுமந்து வர அந்தச் செறிவில் 4.6 லட்சம் லிட்டர் கரைசல் வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் பிடிப்பதும் 90 கிராம் நியோடிமியம் அளவுக்குத்தான். 1960-களிலிருந்து கரைப்பான் பிரித்தெடுப்பு அந்த இடத்தைப் பிடித்தது. மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கரிமப் பாஸ்பரஸ் அமிலங்களைக் கலந்து, அருமண் நீரோடு கலக்கித் தெளியவிட்டு, கலக்கித் தெளியவிட்டு, நூற்றுக்கணக்கான தொட்டிகளில் வரிசையாக ஓட்டுவார்கள். சீனாவில் இன்று நடப்பது இதுதான். டன் கணக்கில் வேலை ஆகும். கூடவே எண்ணெயும் அமிலக் கழிவும் மலையாகச் சேரும்.

குழாய் முற்றிலும் போய்விடவில்லை. மிக உயர்ந்த தூய்மை வேண்டும் என்றால் இன்றும் குழாய்தான். பாறைகளின் வயதைச் சமாரியம், நியோடிமியம் வைத்துக் கணக்கிடுகிற புவியியலாளர்கள் விரல் நீளக் குழாய்களைத்தான் நம்புகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் ரெசினில் பிடிப்பான் மணியிலேயே பூசப்பட்டிருக்கும். அதனால் வரிசை தலைகீழாகும், லாந்தனம் முதலில், லுட்டீசியம் கடைசியில். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லிண்டா வாங் குழுவினர் பிடிப்பானைக் கொண்டு இடம்பெயர்க்கும் குழாய் முறையைத் தொழில் அளவுக்குக் கொண்டுவர உழைத்திருக்கிறார்கள்.

மருத்துவத்திலும் உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லுட்டீசியம்-177 அணு உலையில் இட்டெர்பியத்திலிருந்து உருவாகிறது. மில்லிகிராம் கணக்கான இட்டெர்பியத்துக்குள் மைக்ரோகிராம் கணக்கான லுட்டீசியம், அதுவும் பக்கத்து வீட்டுத் தனிமம். அரை ஆயுள் 6.65 நாள் மட்டுமே, தாமதிக்க முடியாது. அதைப் பிரித்தெடுப்பது குழாய் வண்ணப்பிரிகைதான்.

கச்சின் மலையில் நடப்பதும் இதுதானா?

பாதி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சிப்வி, பாங்வா பக்கத்து மலைகளில் அருமண் தனிமங்கள் கல்லில் பூட்டப்பட்டிருக்கவில்லை. கருங்கல் காலப்போக்கில் சிதைந்து களிமண் ஆனபோது, அதிலிருந்து விடுபட்ட அருமண் அயனிகள் களிமண் துகளின் மேல் உட்கார்ந்துகொண்டன. ரெசின் மணியில் உட்காருவது போலவே. சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் 1969-இல் முதலில் கண்டறியப்பட்ட வகை இது. மலை உச்சியில் துளைகள் போட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை ஊற்றுகிறார்கள். மூன்று அம்மோனியம் அயனிகள் உட்கார்ந்து ஒரு அருமண் அயனியை எழுப்பிவிடும். அது அடிவாரத்துக் குழாய்கள் வழியாகத் தொட்டிகளில் சேர, ஆக்சாலிக் அமிலமோ அம்மோனியம் பைகார்பனேட்டோ போட்டு வீழ்படிவாக்கி, சுட்டு, மூட்டை கட்டி எல்லையைத் தாண்டி அனுப்புகிறார்கள். 2023-இல் சீனாவுக்குப் போனது 40,000 டன் அளவில். காந்தங்களைச் சூட்டிலும் வலு குறையாமல் வைக்கிற டிஸ்புரோசியமும் டெர்பியமும் இதில் தாராளமாக இருப்பதால்தான் இவ்வளவு அடிதடி. 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை அந்தப் பகுதியைப் பிடித்தது.

ஆகவே அந்த மலையே ஒரு குழாய். ஆனால் அதற்குக் கண்ணாடிச் சுவர் இல்லை, அடியில் திறப்பும் இல்லை. என் மாணவன் இரண்டு துளி சிந்தினால் துடைக்கச் சொல்கிறேன். அங்கே ஊற்றிய அம்மோனியமும் சல்ஃபேட்டும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கசியலாம், ஓடைக்கும் கிணற்றுக்கும் போகலாம். நீரால் ஊறிய சரிவு இளகும். மண்சரிவில் தொழிலாளர்கள் புதைந்த செய்திகள் வந்திருக்கின்றன. 2022 மார்ச் மாதச் செயற்கைக்கோள் படங்களில் குளோபல் விட்னஸ் அமைப்பு சுமார் 300 இடங்களில் 2,700-க்கு மேற்பட்ட தொட்டிகளை எண்ணியது. சிப்வி ந்மாய் ஆற்றின் கரையில் இருக்கிறது. ந்மாயும் மாலியும் கூடித்தான் நம் ஐராவதி பிறக்கிறது.

இன்னொன்று. அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு அயனிகளைத் தரம் பிரிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாகவே எழுப்பும். அதனால் இங்கிருந்து போவது கலவை, பிரிப்பது சீனாவில், விலை கூடுவதும் அங்கேதான். மண்ணும் தண்ணீரும் கெடுவது இங்கே. பிரிக்கிற வேதியியலை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் ரங்கூனிலேயே பிரிக்கலாமே, சயாமா?

கிராம் கணக்கில், கற்பதற்காக, நல்ல ஆய்வகம் இருந்தால் செய்யலாம். டன் கணக்கில் செய்ய நிலையான மின்சாரம், தூய நீர், அமிலக் கழிவைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு, தட்டிக் கேட்கும் சட்டம் எல்லாம் வேண்டும். அவை இல்லாமல் தொடங்கினால் மலையில் நடப்பதை ஊருக்குள் கொண்டுவந்த மாதிரி ஆகும். நான் அதை விரும்ப மாட்டேன்.

தமிழ்நாட்டில் அருமண் உண்டா?

உண்டு, ஆனால் வேறு வகை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். மோனசைட் பாஸ்பேட் கனிமம், உப்புநீர் ஊற்றி எழுப்ப முடியாது. சூடான காரத்திலோ கந்தக அமிலத்திலோ உடைக்க வேண்டும். அதோடு தோரியம் கலந்திருக்கும், அது கதிரியக்கம் உள்ளது. கச்சின் களிமண்ணில் தோரியம் மிகக் குறைவு. மணவாளக்குறிச்சியில் கிடைப்பது பெரும்பாலும் சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசானவை.

பயன்படுத்திய ரெசினைத் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். பத்து சதவீத உப்புநீரை மெதுவாக ஓடவிட்டு, பிறகு உப்புச் சுவை போகும் அளவுக்கு நல்ல நீரால் கழுவினால் பழையபடி ஆகிவிடும். சுவைத்துப் பார்க்காதீர்கள், வெள்ளி நைட்ரேட் ஒரு துளி விட்டுப் பாருங்கள். வெண்மை கலங்காவிட்டால் கழுவியது போதும். நனைந்தபடியே மூடிய பாட்டிலில் வைத்தால் பல வருடம் இருக்கும். என் அலமாரியில் இருக்கிற ரெசினில் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் மயில்துத்தம் ஓட்டியிருக்கிறார்கள், இன்னும் நீலத்தைப் பிடிக்கிறது.